மறுமுனையில் யார்? மறதிநோயாளிகளைப் பார்த்துக்கொள்வோருக்கான மின்னணுக் கருவிகள்

இணையம் என்ற சொல் பொதுமக்கள் காதுக்கு எட்டாத காலத்தில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அல்சைமர் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு ஆளுக்கொரு கணினி முனையம் கொடுத்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகத்துக் கணினியோடு அது பேசும். திட்டத்தின் பெயர் கம்ப்யூட்டர்லிங்க். நடத்தியவர் பட்ரீஷியா பிரென்னன் என்ற செவிலியர் ஆய்வாளர். நோயைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்று, முடிவெடுக்க உதவும் பகுதி ஒன்று, மற்ற குடும்பங்களோடும் ஒரு செவிலியரோடும் எழுத்தில் பேசிக்கொள்ளும் பகுதி ஒன்று என மூன்று வசதிகள் அதில் இருந்தன. 102 பேரை வைத்து ஓராண்டு நடந்த அந்தப் பரிசோதனையின் முடிவு 1995இல் வெளியானது. முடிவெடுப்பதில் தன்னம்பிக்கை கூடியிருந்தது. முடிவெடுக்கும் திறன் கூடவில்லை, தனிமை குறையவும் இல்லை. குடும்பங்கள் அதிகம் புழங்கியது பேசிக்கொள்ளும் பகுதியைத்தான்; கலைக்களஞ்சியம் பின்தங்கிவிட்டது.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. இன்று இணையப் பயிற்சி, செல்போன் செயலி, காணொளி ஆலோசனை, இடங்காட்டும் கைக்கடிகாரம், வீட்டுக் காமிரா, தமிழிலேயே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால், இந்தத் துறையின் ஆய்வுகளை வரிசையாகப் படித்து வந்தால் கிளீவ்லாந்தில் தெரிந்த சங்கதி அசையாமல் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்கிறவர்கள் கருவியைக் கையில் எடுக்கிறார்கள். இல்லையென்றால் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

முதலில் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021இல் உலகெங்கும் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியா என்னும் மறதிநோயோடு வாழ்ந்தார்கள். இந்தியாவுக்கு நம்பத்தக்க கணக்கு 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றிலிருந்து கிடைக்கிறது: 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது கூடுதல். 2021க்கான கணிப்பின்படி முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேரம் அதற்கே செலவிடுகிறார்கள், அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் அந்தப் பெண் மனைவியாக இருப்பார், மருமகளாக இருப்பார், இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வந்த மகளாக இருப்பார்.

அந்தப் பெண்ணுக்கு என்ன குறை? தகவல் குறை என்று எடுத்துக்கொண்டுதான் பெரும்பாலான கருவிகள் செய்யப்படுகின்றன. நோய் கண்டுபிடித்த முதல் சில மாதங்களுக்கு அது சரி. அப்புறம் வருவது நேரக் குறை, தூக்கக் குறை. நடுராத்திரி மூன்று முறை எழுந்து கதவைத் திறக்கப் போகும் மாமனாரை மூன்று முறையும் கூட்டிவந்து படுக்கவைத்தவருக்கு, 'மூளை நரம்பணுக்கள் சுருங்குவது எப்படி' என்ற காணொளியைப் பார்க்கத் தெம்பிருக்காது.

ஆனாலும் சொல்லிக்கொடுத்தால் மாறக்கூடிய தருணங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. பொழுது சாயும் நேரத்தில் மறதிநோயாளிகள் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டிலேயே அம்மா இரண்டு புடவையைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்பார். "இதுதாம்மா உங்க வீடு" என்று மகள் சொல்வாள். அம்மாவின் குரல் ஏறும். மகள் கல்யாணப் போட்டோவைக் காட்டுவாள், மின்சார ரசீதைக் காட்டுவாள். அம்மா அழ ஆரம்பிப்பார். பழகியவர்கள் வழக்காட மாட்டார்கள். "சரிம்மா, போகலாம். காபி குடிச்சிட்டுக் கிளம்பலாமா?" என்பார்கள். அதற்கும் முன்னால், ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டிருப்பார்கள், டிவியை அணைத்திருப்பார்கள், பூத்தொடுக்கவோ பயறு பொறுக்கவோ அம்மா கையில் ஏதாவது கொடுத்திருப்பார்கள். இது அனுபவத்தில் வரும் வித்தை. அந்த அனுபவம் வந்துசேர்வதற்குள் இரண்டு பேரும் நொந்துபோவதைத் தடுக்க முடியுமா என்பதே பயிற்சிக் கருவிகள் எடுத்துக்கொண்ட வேலை.

அவற்றில் உலகளவில் பெரியது, உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஐசப்போர்ட். ஐந்து பகுதிகள், 23 பாடங்கள். நோய் என்றால் என்ன, பராமரிப்பவராக இருப்பது என்றால் என்ன, தன்னைக் கவனித்துக்கொள்வது எப்படி, அன்றாட வேலைகள், நடத்தை மாற்றங்கள் என்று போகும். மேலே சொன்னது போன்ற ஒரு சூழலைக் கொடுத்து நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். விடையைத் தேர்ந்தெடுத்ததும் அது ஏன் சரி, ஏன் தவறு என்று விளக்கும். ஒவ்வொரு நாடும் தன் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய நல்ல குணம். பல நாடுகள் மாற்றிக்கொண்டும் இருக்கின்றன.

இந்தியப் பதிப்பைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. 151 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஐசப்போர்ட்டும் மீதிப் பேருக்கு நோயைப் பற்றிய மின்நூலும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கடைசிவரை நின்றவர்கள் 55 பேர். மனச்சோர்விலும் பராமரிப்பின் பாரத்திலும் இரு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நோயாளியை ஒரு மனிதராகப் பார்க்கும் மனப்பாங்கில் மட்டும் ஐசப்போர்ட் குழு முன்னேறியிருந்தது. அந்த முன்னேற்றம் சின்ன விஷயமல்ல. அம்மாவோடு வழக்காடுவதை நிறுத்துவதற்கு முதல் படி அதுதான். ஆனால், மூன்றில் இரண்டு பங்குக்கு நெருங்கியவர்கள் விலகிப்போன ஒரு பயிற்சியைத் தீர்வு என்று மேடையில் அறிவிக்கக் கூடாது.

ஐரோப்பாவில் கிடைத்த முடிவுகளும் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன. பாரிஸின் புரோக்கா மருத்துவமனையில் உருவான தியாபசோன், 12 பாடங்கள் கொண்ட முழுத் தானியங்கித் திட்டம். யாரும் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள். 49 பேரை வைத்துச் செய்த ஆய்வில் மன அழுத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை. நெதர்லாந்தில் 'மாஸ்டரி ஓவர் டிமென்ஷியா' என்ற இணையப் பயிற்சியில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஓர் உளவியலாளர், எழுதியதைப் படித்துப் பதில் எழுதுவார். அதில் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. அதே நாட்டின் மாஸ்டிரிக்ட் நகரத்து 'பார்ட்னர் இன் பேலன்ஸ்' திட்டத்திலும் பயிற்றுநர் ஒருவர் உடனிருப்பார். சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை கூடியது, வாழ்க்கைத் தரம் கூடியது, மனச்சோர்வு மட்டும் நகரவில்லை. மூன்று திட்டங்களிலும் பாடப்பொருள் கிட்டத்தட்ட ஒன்று. யார் படித்துப் பதில் எழுதுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

தனித்தனி ஆய்வுகளை நம்பாதவர்களுக்குக் காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வு இருக்கிறது. தொலைபேசி, இணையம் வழியாகக் குடும்பத்தினருக்குக் கொடுத்த பயிற்சியையும் ஆதரவையும் பற்றிய 26 ஆய்வுகள், 2,367 பேர். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் பாரத்திலும் மனச்சோர்விலும் அனேகமாக வித்தியாசம் இல்லை. வெறும் தகவலோடு ஒப்பிட்டால், பயிற்சியும் ஆதரவும் சேர்த்துப் பெற்றவர்களிடம் சிறிதளவு நன்மை. வாழ்க்கைத் தரத்தில் மாற்றமில்லை. செயலி விற்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ள மாட்டாத முடிவு இது.

இதை வைத்துக் கருவிகளே வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். தொகுப்பாய்வு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுக்கிறது. நோய் தொடங்கி ஆறு மாதமான வீடும், நோயாளி படுக்கையில் விழுந்து மூன்று வருஷமான வீடும் அதில் ஒன்றுதான். மனச்சோர்வு மதிப்பெண்ணை வைத்து அளப்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நோய் முற்ற முற்ற வேலை கூடும். அந்தக் காலத்தில் மனநிலை மேலும் கெடாமல் இருந்தாலே அது வெற்றிதான், ஆனால் அட்டவணையில் சைபராகத்தான் தெரியும்.

பளபளப்பு இல்லாத காரணத்தால் பலர் கண்டுகொள்ளாமல் விடும் கருவி ஒன்று இருக்கிறது. தொலைபேசி. 2003இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு தானியங்கித் தொலைபேசி அமைப்பின் முடிவுகளை வெளியிட்டார்கள். 100 பேர், ஓராண்டு. குடும்பத்தினரின் மன அழுத்தத்தை அது கேட்டுக் குறித்துக்கொள்ளும், நிபுணருக்குக் குரல் செய்தி கொண்டுபோகும். இன்னொரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது: பராமரிப்பவர் ஓர் எண்ணை அழுத்திப் போனை நோயாளியின் கையில் கொடுத்தால், அவரவருக்கென்று தயாரித்த உரையாடல் ஒன்று 18 நிமிடம் அவரைப் பேச்சில் வைத்திருக்கும். 18 நிமிடம் என்றால் குளித்துவிட்டு வரலாம், உலை வைக்கலாம். முடிவு என்னவென்றால் எல்லோருக்கும் பயன் இல்லை; தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று தொடக்கத்திலேயே சொன்னவர்களுக்கும் மனைவிமார்களுக்கும் பயன் இருந்தது. ஆள் இல்லாத கருவியும் ஓரளவு உதவும் என்று காட்டும் விலக்கு இது. அது உதவியதற்குக் காரணம், பாடம் நடத்தாமல் நேரம் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன். இருபது வருஷம் கழித்து, பேசும் இயந்திரங்கள் இவ்வளவு வந்த பிறகும், இந்த யோசனையை யாரும் பெரிதாக வளர்த்தெடுக்காதது ஆச்சரியம்.

தொலைபேசியில் ஆளையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேர் ஈகோசிஸ்டம் சான்று. சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் கலிபோர்னியா, நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் 780 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்வோரையும் வைத்து நடத்தி, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழிகாட்டி. அவர் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஆள். மாதம் தவறாமல் கூப்பிட்டுப் பேசுவார். கேள்வி அவர் கைக்கு மீறிப் போனால் பின்னால் செவிலியர், சமூகப் பணியாளர், மருந்தாளுநர் இருப்பார்கள். ஆங்கிலம், ஸ்பானியம், கான்டனீஸ் மூன்றிலும் பேச ஆள் இருந்தது. ஓராண்டில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது, பராமரிப்பவரின் மனச்சோர்வும் பாரமும் குறைந்தன. இணையமும் மென்பொருளும் இதில் உண்டு; ஆனால் அவை வழிகாட்டியின் மேசையில் இருந்தன. குடும்பத்தின் கையில் இருந்தது போன் மட்டும்தான்.

இதை அமெரிக்கப் பணக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கோவாவில் இதே வேலையைப் போன்கூட இல்லாமல் செய்து காட்டியிருக்கிறார்கள். உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்ற கணக்கையே பெயராக வைத்துக்கொண்ட 10/66 ஆய்வுக் குழுவோடு தொடர்புடையவர்கள் அவர்கள். அந்தக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. கோவாவில் 81 குடும்பங்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பேசிவிட்டு வருவார்கள். 2008இல் வெளியான முடிவு: பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தேறியது, நோயாளியின் நடத்தையால் வரும் மன உளைச்சல் குறைந்தது. இன்று இந்தியாவில் ஒரு மின்னணுக் கருவியை மதிப்பிட நினைப்பவர் அதை வெறும் காகிதப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் போதாது. கோவாவின் அந்த வீட்டு வருகையோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு மறதிநோய்க்கென்று தனிச் சேவை நடத்துகிறது. இங்கிலாந்தில் உருவான, வாரம் இரண்டாக 14 அமர்வுகள் கொண்ட குழுப் பயிற்சியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். நோயாளிகள் வட்டமாக உட்கார்ந்து பழைய பாட்டு, சாப்பாடு, ஊர் நடப்பு என்று பேசிக் களிக்கும் பயிற்சி. கொரோனா காலத்தில் அதைக் காணொளியில் நடத்தும் முறையைப் பல நாட்டவர் சேர்ந்து சோதித்தபோது ஸ்கார்ஃப் ஆட்களும் அதில் இருந்தார்கள். நடத்த முடிகிறது என்று தெரிந்தது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேரில் நடக்கும் அமர்வுக்கு அப்பாவைக் கொண்டுபோய் விட்டால் மகளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். வெளித் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், அவளைப் போன்ற இன்னொருத்தியிடம் பேசலாம். காணொளி என்றால் அவளே பக்கத்தில் இருந்து இணைப்பைப் போட்டு, ஒலியைச் சரிசெய்து, "அப்பா, திரையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிக்கு உதவும் கருவி பராமரிப்பவரின் நேரத்தைத் தின்னலாம். இரண்டு கணக்கையும் தனித்தனியே வைக்கும் ஆய்வுகள் குறைவு.

யாரும் திட்டமிடாமல் எல்லா வீட்டுக்கும் வந்துசேர்ந்த கருவி வாட்ஸ்அப். ஒரே நோயைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் சேர்ந்த குழு ஒன்று சரியாக அமைந்துவிட்டால் அது தரும் ஆறுதல் பெரிது. டயப்பர் எந்த அளவு வாங்குவது என்ற கேள்விக்கும் அங்கே ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் கிடைக்கும். சொந்தக் குடும்பக் குழு வேறு ரகம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வல்லாரைக் கீரை பற்றிய காணொளியை அனுப்புவான், அத்தை தேங்காய் எண்ணெய் பற்றி அனுப்புவார். அடுத்த வாரம் யார் வந்து இரண்டு நாள் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டால் குழு அமைதியாகிவிடும்.

இனி காவல் கருவிகள். மறதிநோயாளி வீட்டை விட்டு நடந்து போய்விடுவது குடும்பங்களின் முதல் பயம். ஜப்பானில் 2023இல் மட்டும் இப்படிக் காணாமல் போனவர்களாகப் போலீசில் பதிவானவர்கள் 19,039 பேர். பெரும்பாலோர் சீக்கிரமே கிடைத்துவிட்டாலும், 500க்கு மேற்பட்டோர் இறந்த நிலையில் கிடைத்தார்கள். சைதாமா மாவட்டத்தின் இருமா நகராட்சி, கை கால் விரல் நகத்தில் ஒட்டும் சின்ன க்யூஆர் குறியீட்டை 2016இல் கொண்டுவந்தது. சட்டையைக் கழற்றலாம், செருப்பை மாற்றலாம், நகத்தைக் கழற்ற முடியாது என்பது யோசனை. பார்த்த யாரும் செல்போனால் வருடினால் நகராட்சியின் எண் வரும். இங்கும் கருவியின் மறுமுனையில் நகராட்சி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இடங்காட்டும் கடிகாரத்தின் சிக்கல்கள் எளிமையானவை: தினமும் சார்ஜ் போட வேண்டும், அப்பா அதைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துவிடுவார், மாடி வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் புள்ளி ஐம்பதடி தள்ளிக் காட்டும். கழுத்துச் சங்கிலியில் போன் எண்ணைப் பொறித்து மாட்டுவது, சட்டைக் காலரின் உள்பக்கம் எண்ணைத் தைத்துவைப்பது, மூலைக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் போட்டோவோடு சொல்லிவைப்பது ஆகிய மூன்றையும் செய்துவிட்டு அதன்பிறகு கடிகாரம் வாங்குவது நல்லது. வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

காமிரா விவகாரம் வேறு. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று மாட்டிவிட்டால் வேலைக்குப் போகிற மகள் ஆபீசிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், விழுந்தால் தெரியும் என்பது உண்மை. ஆனால், கூட்டுக் குடும்பத்தில் காமிரா நோயாளியை மட்டுமா பார்க்கிறது? சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் காலை ஒன்பதே காலுக்குச் செய்தி அனுப்புவார்: "அண்ணி, அம்மா இன்னும் குளிக்கலையா?" அண்ணி ஆறு மணியிலிருந்து மூன்று முறை குளிக்கக் கூப்பிட்டு, ஒரு முறை அடியும் வாங்கியிருப்பார், அது ஒலியில்லாத காமிராவில் தெரியாது. பார்ப்பவருக்கு அதிகாரம், செய்பவருக்கு விளக்கம் சொல்லும் கடமை என்று வீட்டுக்குள்ளேயே மேலாளரும் ஊழியரும் உருவாகிவிடுகிறார்கள். நோயாளியின் கௌரவம், அந்தரங்கம் பற்றி உலகெங்கும் நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். பராமரிக்கும் பெண்ணின் அந்தரங்கம் பற்றி எழுதியவர்கள் குறைவு. யார் பார்க்கலாம், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆய்வுக் கட்டுரைகள் பொதுவாகத் தொடாத இடம் ஒன்று உண்டு: அரசும் வங்கியும் தங்கள் வேலைகளை மின்னணுமயமாக்கியதால் இந்தக் குடும்பங்கள் மேல் விழுந்த சுமை. ஓய்வூதியர் உயிரோடிருப்பதைக் காட்டும் ஜீவன் பிரமாண் 2014இல் வந்தது. ரேகை தேய்ந்த விரல்கள் இயந்திரத்தில் பதியாமல் அலைந்தவர்களுக்கு, வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி பின்னால் வந்தது பெரிய நிம்மதி. ஆனால் அந்தச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சொன்னது விளங்காத ஒருவரை, சரியான நொடியில், போனைப் பார்த்துக் கண் சிமிட்டவைப்பதற்குள் ஒரு மத்தியானம் போய்விடும். ஓடிபி இன்னொரு தலைவலி. அப்பாவின் ஆதாரில் இருக்கும் எண் எப்போதோ தொலைந்த சிம்முடையது.

இதன் அடியில் சட்டச் சிக்கல் இருக்கிறது. பவர் பத்திரம் எழுதிவைத்திருக்கிறோமே என்று குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கும். எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அது செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வரும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை பற்றி முடிவெடுக்கலாம், வங்கிக் கணக்கைத் தொட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் ஏற்பாட்டுக்குள் மறதிநோய் வராது. ஆகவே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பணமும் பொறுமையும் இல்லாதவர்கள் அப்பாவின் ஏடிஎம் அட்டையையும் யூபிஐ எண்ணையும் வைத்து ஓசைப்படாமல் சமாளிக்கிறார்கள். நோயின் தொடக்கத்திலேயே, கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே, கணக்கை இருவர் பெயருக்கு மாற்றுங்கள், ஆதார் எண்ணைப் புதுப்பியுங்கள், உயில் எழுதுங்கள் என்று தேதி போட்டு நினைவூட்டும் செயலி ஒன்றை யாராவது தமிழில் செய்தால், தசைத்தளர்வுப் பயிற்சிக் காணொளிகள் எல்லாவற்றையும்விட அது உபகாரமாக இருக்கும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பழையதாகிவிடும். பேச்சுத் தமிழில் கேட்டால் பேச்சுத் தமிழிலேயே பதில் வருகிறது. "வீட்டுக்குப் போகணும்" என்ற சிக்கலைச் சொல்லிக் கேட்டால் வழக்காடாதீர்கள், பேச்சை மாற்றுங்கள் என்ற பதில் வந்துவிடும். ஐசப்போர்ட்டின் பாடத்தில் இருப்பதும் அதுதான். ராத்திரி இரண்டு மணிக்குத் திட்டாமல் பதில் சொல்லும் எதுவும் பெரிய விஷயம். சிக்கல் மருந்தில் வருகிறது. தூங்கவைக்க எதையாவது கொடுக்கலாமா என்பது அந்நேரத்துக் கேள்வி. மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மறதிநோயுள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. கடையில் கேட்டு வாங்கும் சில சளி மருந்துகளும் குழப்பத்தை அதிகமாக்கும். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் ஏறினால் அது மறதிநோயின் வேலையாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் சிறுநீரையும் காய்ச்சலையும் பார்க்க ஆள் வேண்டும். இயந்திரம் தயக்கமில்லாமல் பேசுகிறது, தூக்கமில்லாதவர் தயக்கமில்லாமல் நம்புகிறார். அந்த உரையாடலில் எந்த இடத்தில் மனிதரிடம் கைமாற்றிவிட வேண்டும் என்பதை எழுதிவைக்காத எந்தச் செயலியையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இத்தனைக்கும் கையில் கருவி இருக்க வேண்டுமே. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம். இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. அதுவும் 15 முதல் 49 வயதுவரை மட்டும் கேட்டது. 68 வயதுக் கணவரைப் பார்த்துக்கொள்ளும் 62 வயது மனைவி அந்தக் கணக்கிலேயே இல்லை. அவருக்குத் தெரிந்த மின்னணுக் கருவி பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசும் போன்தான்.

அந்தப் போனுக்குப் பின்னால் தமிழ்நாட்டில் ஏற்கெனவே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாட்டில் அது 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையாக நடக்கிறது. முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் மறதிநோய்க்கென்றே வந்தவை அல்ல. எடுப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். கேர் ஈகோசிஸ்டத்தில் ஒரே வழிகாட்டி ஓராண்டு கூடவே வந்தார் என்பதுதான் அதன் பலம். அமெரிக்க அரசு 2024 ஜூலையில் தொடங்கிய கைடு திட்டம் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழிகாட்டி, இரவும் பகலும் எடுக்கும் ஓர் எண். கூடவே, தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பராமரிப்பவர் ஓய்வெடுக்க மாற்று ஆள் வைத்துக்கொள்ள வருஷத்துக்கு 2,500 டாலர்வரை. செயலிக்குப் பணம் ஒதுக்கும் நம் ஊர்த் திட்டங்கள் இந்தக் கடைசி இனத்தில்தான் கை வைப்பதில்லை.

வழிகாட்டியாக வரக்கூடிய ஆள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் பெண் தன்னார்வலரை அந்தத் தெருவுக்கே தெரியும். எந்த வீட்டில் மாமியார் இரண்டு வருஷமாகப் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். கோவாவில் பயிற்சி பெற்றுப் போனவர்களும் இவரைப் போன்ற ஆட்கள்தான். அவருக்குச் சில நாள் பயிற்சி, அவர் போனில் இருபது முப்பது சூழல்களைக் கொண்ட ஒரு தமிழ்க் குரல் வழிகாட்டி, சந்தேகம் வந்தால் கூப்பிட மாவட்ட மருத்துவமனையில் பெயர் தெரிந்த ஒருவர். செயலியை வைத்திருக்க வேண்டியது அவர்தான். மருமகளிடம் இன்னொன்றைப் பதிவிறக்கச் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் கேட்க இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளலாம்: மறதி உள்ளவரை இந்த வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார், அவர் கடைசியாக எப்போது ராத்திரி முழுக்கத் தூங்கினார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத வீடுகளுக்கு அந்த வாரத்துக்குள் மாவட்ட மருத்துவமனையிலிருந்து போன் வர வேண்டும். எத்தனை வீடுகள் அப்படி என்று ஒரு ஒன்றியத்தில் ஆறு மாதம் எண்ணிப் பார்த்தால், மாற்று ஆளுக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்ற கணக்கும் கிடைத்துவிடும்.